மொட்டை மாடியில் சனி பகவான்!

முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குப் புடவை. அடுத்த போனஸில் பைக். அதற்கப்புறமும் கையில் காசு மிஞ்சி, கல்யாணமும் ஆகாமல் இருந்தால் ஒரு மனிதனுக்கு வரக்கூடிய ஆசைகளில் ஒன்று, டெலஸ்கோப். கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் விட்டுப் போய்விடுகிறதே என்பதுதான் வருத்தம். நல்ல நல்ல டெலஸ்கோப்புகள் சனிக்கிழமை ராத்திரி மாடிக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை காலை பரணுக்குப் போய்விடுகின்றன. அங்கே அதற்குத் துணை கொலு பொம்மைப் பெட்டி, ஓடாத டேபிள் ஃபேன்.

காரணம் டெலஸ்கோப் இல்லை ஸார். அதன் கால்!

எல்லாரும் குழாயைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அட்டைப்பெட்டியில் 'அறுநூறு மடங்கு' என்று போட்டிருந்தால் கூடுதல் குஷி. அதை நம்பாதீர்கள். ஐந்து அங்குலக் கண்ணாடிக்கு இருநூற்றைம்பது மடங்கே அதிகம். அறுபது, எழுபது மடங்கிலேயே சனியின் வளையம் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த அறுபது மடங்கும் ஆடாமல் நிற்க வேண்டுமே! பொருள் எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, ஆட்டமும் அத்தனை மடங்கு பெரிதாகும். மாடியில் ஒருத்தர் துணி எடுக்க நடந்தால் சந்திரன் டான்ஸ் ஆடும்.

இந்த ரகசியம் சென்னைக்கு 1792-லேயே தெரியும். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக் கூடம் கட்டியபோது, கருவிகளைத் தாங்குவதற்காகப் பதினைந்து அடி உயரத்தில், சுமார் பத்து டன் எடையில் ஒரு கருங்கல் தூணை நட்டார்கள். தமிழிலும் கல்வெட்டு உண்டு. கருவிகள் போய்விட்டன. தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டுதான் 1861-ல் போக்ஸன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, ஆசியாவில் கண்டுபிடித்ததால் 'ஏஷியா' என்றே பெயர் வைத்தார். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். கால் உறுதியாக இருந்தால் நம்ம ஊரில் இவ்வளவும் நடக்கும்.

நமக்குப் பத்து டன் தாங்காது. அசோசியேஷனில் சண்டைக்கு வருவார்கள். முக்காலி போதும். காலை முழுசாக இழுத்து நீட்டாதீர்கள். குட்டைக் காலுக்கு ஆட்டம் கம்மி. நடுத் தட்டில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டித் தொங்க விடுங்கள். நான் இருப்பது பாலவாக்கத்தில், கடலுக்குப் பக்கம். சாயங்காலக் காற்றில் வேட்டியே நிற்காது, டெலஸ்கோப் எப்படி நிற்கும்? அந்தக் கேன்தான் காப்பாற்றுகிறது.

அடுத்தது, புதுசாக வாங்கினவரைப் பயமுறுத்தும் 'ஈக்வடோரியல் மவுண்ட்'. பெயர்தான் பெரிசு. விஷயம் இவ்வளவுதான்: பூமி மணிக்குப் பதினைந்து டிகிரி சுற்றுகிறது. ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு டீக்கடை போர்டைப் படிக்க வேண்டுமானால் கழுத்தைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் இல்லையா? அதேதான். அறுபத்தைந்து மடங்கில் பார்க்கும்போது சனி மூன்று நிமிஷத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடிவிடும். சாதாரண ஸ்டாண்டில் மேலும் கீழும், இடமும் வலமும் திருகித் துரத்த வேண்டும். ஈக்வடோரியலில் ஒரு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்து நிற்கிறது. அதனால் ஒரே ஒரு திருகை மெதுவாகத் திருப்பினால் போதும். சனி நடுவிலேயே உட்கார்ந்திருப்பார்.

அந்த அச்சு எவ்வளவு சாய வேண்டும்? இங்கேதான் வில்லங்கம். நீங்கள் இருக்கும் ஊரின் அட்சரேகை எத்தனையோ, அத்தனை டிகிரி. கூட வரும் புத்தகத்தில் படம் போட்டவர் இருப்பது நாற்பது, ஐம்பது டிகிரி தேசத்தில். அவர் படத்தில் அச்சு கம்பீரமாக நிமிர்ந்து பார்க்கும். துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் இருக்கும். சென்னைக்கு வெறும் பதிமூன்று டிகிரி! நம் அச்சு ஏறக்குறையப் படுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே புத்தகத்துப் படம் மாதிரி வரவில்லையே என்று கலங்க வேண்டாம். வரக் கூடாது.

இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, சில சின்ன மவுண்டுகள் இருபது டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். இரண்டு, அச்சு படுத்துக்கொள்வதால், எதிர் எடை தொங்கும் கம்பி சுற்றி வரும்போது முக்காலியின் வடக்குக் காலில் 'டொக்'கென்று இடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வைத்தியம். ஒரு கால் தெற்கேயும், மற்ற இரண்டும் வடக்கே அகன்றும் இருக்கும்படி முக்காலியைத் திருப்புங்கள். எடை இரண்டு காலுக்கு நடுவில் தாராளமாகப் போய்வரும். பிறகு தெற்குக் காலின் கீழே ஒரு செங்கல். அவ்வளவுதான், ஐந்து டிகிரி போல இறங்கிவிடும். கனம் வடக்கே சாய்வதால் கால்களை நன்றாக அகட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியைத் திருகில் சரி பண்ணலாம்.

இப்போது அச்சு வடக்கே பார்க்க வேண்டும். திசைகாட்டியை மவுண்ட் மேலே வைக்காதீர்கள். இரும்பு எடை பக்கத்தில் இருந்தால் அது உளறும். தள்ளி நின்று வடக்கைப் பார்த்து, கைப்பிடிச் சுவரில் ஒரு அடையாளம் போடுங்கள். துருவ நட்சத்திரம் தெரிந்தால் இன்னும் உத்தமம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் பத்து டிகிரி. அதன் மேலே இரண்டு விரல். அந்த உயரத்தில்தான் இருக்கும். கல்யாணத்தில் பட்டப்பகலில் அருந்ததி பார்த்தவர்கள் நாம். நமக்கு இது ஜுஜுபி! ஏப்ரல், மே ராத்திரிகளில் சப்தரிஷி மண்டலத்தின் முனையில் உள்ள இரண்டு நட்சத்திரங்களை இணைத்து நீட்டினால் துருவனிடம் கொண்டு விடும்.

எங்கள் பாலவாக்கத்தில் அதற்கும் வழியில்லை. வடக்கே கொட்டிவாக்கம், திருவான்மியூர் என்று ஊர் வெளிச்சம் முழுக்கப் பொங்கி நிற்கிறது. அதில் பதிமூன்று டிகிரி உயரத்தில் ஒரு நட்சத்திரம் தெரிய, பாவம் துருவன் இன்னும் தவம் செய்ய வேண்டும். ஆனால் கிழக்கே கடல் இருக்கிறதே! கிழக்கில் தாழ்வாக ஒரு நட்சத்திரத்தை ஐபீஸின் நடுவில் பிடித்து, அந்த ஒரே திருகால் மட்டும் தொடருங்கள். ஐந்து நிமிஷத்தில் அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. பிறகு தலைக்கு மேலிருந்து சற்றுத் தெற்கே, உச்சியைக் கடக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. துருவனைப் பார்க்காமலே துருவத்தைப் பிடித்தாயிற்று. கண்ணால் பார்ப்பதற்கு ஒரு டிகிரி பிசகினால் குடி முழுகிவிடாது.

பேலன்ஸ் முக்கியம். முதலில் எதிர் எடை, அப்புறம்தான் குழாய். மாற்றிச் செய்தால் குழாய் தலைகுப்புற விழும். பூட்டைத் தளர்த்திவிட்டுக் கையை எடுங்கள். வைத்த இடத்தில் நின்றால் பாஸ். குழாய் மேலே இருக்கும் குட்டி ஃபைண்டரைப் பகலிலேயே தூரத்துச் செல்போன் டவர் ஒன்றைப் பார்த்துச் சரி செய்துவிடுங்கள். ராத்திரி சுலபமாக இருக்கும். ஆனால் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே திருப்பாதீர்கள். ஒரு விநாடி போதும், கண் போய்விடும்.

புத்தகத்தில் இன்னொரு வாசகம் இருக்கும்: கண்ணாடி குளிர அரை மணி கொடுங்கள் என்று. அது குளிர் தேசத்து உபதேசம். நம் வீட்டு ஏ.ஸி. ரூமிலிருந்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினால், ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி கண்ணாடி வேர்த்துவிடும். துண்டை எடுத்துத் துடைத்தால் மேல்பூச்சு கீறிப் போகும். ஏ.ஸி. இல்லாத இடத்தில் வையுங்கள். முடிந்ததும், ஈரம் உலர்ந்த பின் மூடி போடுங்கள். கடற்கரை உப்பு, அலுமினியப் பூச்சுக்கு ஆகாது.

இத்தனை பாட்டுக்கும் பலன்? எதிர் ஃப்ளாட் மாமாவைக் கேளுங்கள். சனிக்கிழமை தவறாமல் எள் தீபம் போடுகிறவர். ஒரு நாள் மாடிக்கு வந்தார்.

"என்னப்பா, மழை வருமா பாக்கறியா?"

"இல்ல மாமா, சனி. பாருங்கோ."

குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிஷம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு அழகா இருக்கானே... இவனா ஏழரை வருஷம் என்னை அந்தப் பாடு படுத்தினான்?"

சாதா ஸ்டாண்டாக இருந்திருந்தால் பாதியிலேயே சனி ஓடியிருப்பார். மாமாவும் கீழே போயிருப்பார். காவலூரில் 1986-ல் திறக்கப்பட்ட வைணு பாப்பு டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அதுவும் ஈக்வடோரியல்தான். அதன் அச்சும் பன்னிரண்டரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. நம் மாடியில் நிற்பது அதன் ஒன்றுவிட்ட தம்பி!

பதிமூன்று டிகிரிக்குப் பரிசும் உண்டு. மே மாத ராத்திரிகளில் தெற்கே நீலாங்கரைப் பக்கம் திருப்புங்கள். தெற்குச் சிலுவை மண்டலமும், லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்ட ஒமேகா சென்டாரியும் நம் வானத்தில் வருகின்றன. படம் போட்டாரே அந்த ஐம்பது டிகிரி ஆசாமி, அவர் ஊரில் அவை உதிப்பதே இல்லை.

ஆசை வந்தால் தாராளமாக வாங்குங்கள். செங்கல்லை மட்டும் முன்னாடியே எடுத்து வையுங்கள். அது பார்சலில் வராது!