உஷார்! உங்கள் பிள்ளையின் பட்டத்தில் என்ன பாடம் அச்சாகும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் சங்கரன்கோவிலில் அட்மிஷன் பேச்சுதான். தறிக்கூடத்திலும் பூ மார்க்கெட்டிலும் "எந்தக் காலேஜ், எவ்வளவு பீஸ்?" என்று விசாரிக்கிறோம். பட்டச் சான்றிதழில் பாடப்பெயர் எப்படி வரும் என்று கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள்!

எங்கள் தெருவில் தறி ஓட்டுபவரின் மகள், இளநிலையில் கணிதத்தோடு இன்னொரு வார்த்தை ஒட்டிய பட்டம் வாங்கியவள். முதுநிலையில் வெறும் கணிதம். அப்புறம் பி.எட். முடித்தாள். ஆசிரியர் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில், "இரண்டும் ஒன்று என்பதற்கு அரசாணை எங்கே?" என்று கேட்டார்கள். அரசாணை என்று ஒன்று வேண்டும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். வெறுங்கையோடு வந்தாள்.

முதுநிலை ஆசிரியர் வேலைக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பெயர் மாறினால், இரண்டும் நிகர் என்று உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணை தேவை. சில பட்டங்களை நிகரில்லை என்றே அரசாணைகள் சொல்லியிருக்கின்றன. டி.என்.பி.எஸ்.சி.யிலோ, தேர்வு அறிவிக்கை தேதிக்கு முன்பே வந்த அரசாணைதான் செல்லும். கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். எது எதற்கு நிகர் என்பதை வேலை கொடுக்கும் அரசுதான் முடிவு செய்ய வேண்டும், நீதிமன்றம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஜஹூர் அகமது ராதர் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் பட்டத்தில் பாடத்தையே போடுவதில்லை. மதிப்பெண் பட்டியல் போதும் அங்கே. இங்கே ஒரு வார்த்தையில் வேலை போகிறது. பாடப்பெயர் பட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பேன். எந்தெந்தப் பட்டம் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் பட்டியல் போட்டது. அதற்குப் பிறகும் புதுப்புதுப் பெயர்களில் பாடப்பிரிவுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பணம் கட்டுமுன் அந்தப் பிரிவுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றுக்கு அந்தப் பல்கலைக்கழகம் மனோன்மணியம் சுந்தரனார். முந்தைய செட்டில் முடித்த பிள்ளையின் புரொவிஷனல் சான்றிதழை வாங்கி எழுத்தெழுத்தாகப் படியுங்கள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று ஆபீசில் சொன்னால், அரசாணை எண்ணையும் தேதியையும் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கே சேர்க்காதீர்கள்.