அனிமேஷன் விண்வெளியில் யாருக்கு இடம்?

அறிவியல் புனைகதை அனிமேஷன் படங்களில் யாரும் தற்செயலாகத் திரைக்கு வந்துவிடுவதில்லை. கேமராவில் எடுக்கும் படத்தில் தெருவில் போகிறவர்கூடப் பதிவாகிவிடலாம். அனிமேஷனில் ஒவ்வொரு முகமும் தலைமுடியும் தோல் நிறமும் யாரோ முடிவெடுத்து வரைந்தவை. ஆகவே, இந்தப் படங்களில் ஓர் இனத்தவரே தென்படாமல் போனால், அதற்கும் யாரோ ஒருவருடைய முடிவே காரணம்.

முகத்துக்கு இடம் கொடுத்துக் குரலுக்கு மறுத்த காலமும் உண்டு. 31ஆம் நூற்றாண்டில் நடக்கும் ‘டைட்டன் ஏ.இ.’ (2000) படத்தில் விண்கல விமானி அகிமா ஆசியப் பெண்; அவருக்குக் குரல் கொடுத்தவர் ட்ரூ பேரிமோர் என்ற வெள்ளையின நடிகை.

இரண்டே ஆண்டுகளில் வந்த ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ வேறு வழியில் போனது. ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட வேற்றுக்கோள் உயிரி ஒன்று ஹவாயின் கவாய் தீவில் வந்து விழுகிறது. ஆனால் படத்தின் உயிர், பெற்றோரை இழந்த இரு சகோதரிகளிடம்தான் இருக்கிறது. அக்கா நானி சுற்றுலாப் பயணிகளை நம்பிய வேலையை இழந்து, வேறு வேலை தேடி அலைகிறாள். தங்கையைப் பிரித்துக் கொண்டுபோக நலத்துறை அதிகாரி வாசலில் வந்து நிற்கிறார். நானிக்குக் குரல் கொடுத்த டியா கரேரா ஹவாயில் பிறந்தவர். நானியின் நண்பன் டேவிட்டுக்குக் குரல் கொடுத்த ஜேசன் ஸ்காட் லீ அங்கே வளர்ந்தவர். வசனங்களைத் தீவின் பேச்சுவழக்குக்கு ஏற்பத் திருத்தியதில் இருவருக்கும் பங்குண்டு.

இந்த வரலாற்றில் பெரிய திருப்பம் ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ (2018). காமிக்ஸில் 2011இல் அறிமுகமான மைல்ஸ் மொராலஸின் தந்தை கறுப்பினத்தவர், தாய் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. புரூக்ளின் தெருவில் மைல்ஸ் பள்ளிக்குப் போகும்போது அக்கம்பக்கத்தாரிடம் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து பேசிக்கொண்டே நடக்கிறான். ஸ்பானிஷுக்கு மொழிபெயர்ப்பு வரிகள் கிடையாது. அவன் வீட்டு மொழியைப் படம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அதுவே அதன் அழகு. மூன்று இயக்குநர்களில் ஒருவரான பீட்டர் ராம்சே, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்க இயக்குநர் ஆனார்.

அடுத்த பாகத்தில் (2023) இந்திய ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகர் வருகிறான். 2004இல் இந்தியாவில் வெளியான காமிக்ஸில் அவன், பீட்டர் பார்க்கர் கதைக்கே வேட்டி கட்டிவிட்டதுபோல இருந்தான். படமோ மும்பையையும் மன்ஹாட்டனையும் இணைத்து ‘மும்பாட்டன்’ என்ற நகரத்தையே எழுப்பியது. அதன் தோற்றத்துக்குப் பழைய இந்திரஜால் காமிக்ஸ் முன்மாதிரியானது. குழுவிலிருந்த இந்திய வம்சாவளிக் கலைஞர்களின் கருத்தைக் கேட்டு அந்தப் பகுதி திருத்தி அமைக்கப்பட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் படம் வெளியானது.

மனம் இருந்தாலும் கருவி ஒத்துழைக்க வேண்டும். ஒளி தோலுக்குள் புகுந்து சிதறி வெளிவருவதைக் கணக்கிடும் முறையை உருவாக்கியவர்களுக்கு 2004இல் ஆஸ்கரின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. வெளிர்நிறத் தோலுக்கு உயிர் கொடுப்பது இந்த உட்சிதறல்தான். கருந்தோலிலோ மேற்பரப்பின் பளபளப்பே முக்கியம். முன்பு பிக்சாரில் ஆய்வாளராக இருந்த யேல் பேராசிரியர் தியோடர் கிம், வெளிர்நிறத் தோலுக்கே முன்னுரிமை தந்த இந்தச் சார்பை 2020இல் வெளிப்படையாக எழுதினார். தலைமுடி ஆய்வும் நேரான முடியையே சுற்றிவந்தது. இறுகச் சுருண்ட ஆப்பிரிக்க முடிக்கான கணினி முறையை அவரும் ஏ. எம். டார்க்கும் வெளியிட்டது 2024இல்தான்.

பாலினச் சிறுபான்மையினருக்கு இடம் இன்னும் குறுகலானது. பிக்சாரின் ‘லைட்இயர்’ (2022) படத்தில் விண்வெளி வீராங்கனை அலிஷா ஹாதார்ன் தன் மனைவிக்குக் கொடுக்கும் முத்தம், தயாரிப்பின்போதே நீக்கப்பட்டிருந்தது. தாய் நிறுவனமான டிஸ்னியின் தணிக்கையைக் கண்டித்து ஊழியர்கள் கடிதம் எழுதிய பிறகு காட்சி மீண்டும் சேர்க்கப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட பல நாடுகளில் படம் திரையரங்குக்கு வரவில்லை.