சிறுவர் தலைவலியும் உறக்கமும்

பள்ளிக்குப் புறப்படும் வேளையில் பிள்ளை தலைவலி என்று படுத்துக்கொண்டால், பாடத்திற்குப் பயந்து சாக்குச் சொல்வதாகவே நாம் பெரும்பாலும் எண்ணிவிடுகிறோம். எல்லாம் சாக்கன்று. ஒற்றைத் தலைவலி என்னும் நோய் சிறுவர்க்கும் வருவதுண்டு. பெயர்தான் ஒற்றை, சிறுவர்க்கு நெற்றியின் இரு பக்கமும் வலிப்பதே மிகுதி. குமட்டலும் வாந்தியும் உண்டாகும். வெளிச்சமும் ஓசையும் பொறுக்க இயலாது. இருண்ட அறையில் சற்று உறங்கி எழுந்தால் பலருக்கு வலி தணிந்துவிடும்.

தூக்கம் குறைந்தால் இவ்வலி வருகிறது; வலியினால் தூக்கமும் கெடுகிறது. இரவில் அலறி எழுதல், பல்லைக் கடித்தல், நெடுநேரம் தூக்கம் பிடிக்காமை ஆகியவை இப்பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகின்றன.

இவர்களிற் பலரது இரத்தத்தில் வைட்டமின் 'டி' குறைந்திருப்பதையும், அக்குறைவுள்ள பிள்ளைகள் சரிவர உறங்காமையையும் சில ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அதுவே தலைவலிக்குக் காரணம் என்பது நிலைநாட்டப்படவில்லை. வலியினால் வீட்டுக்குள் முடங்கும் பிள்ளைக்கு வெயில் கிட்டாமையாலும் அது குறையலாம் அல்லவா? எனினும் எலும்பு வலிவுற இச்சத்து வேண்டும் என்பதில் ஐயமில்லை.

வெயில் கொளுத்தும் நம் நாட்டில் இதற்கு ஏது குறை என்று கேட்கலாம். வெயில் தோலில் பட்டாலன்றி இச்சத்து உண்டாகாது. பள்ளி, தனிப்பயிற்சி, தொலைக்காட்சி, கைப்பேசி என்று கூரையின்கீழ் வளரும் பிள்ளைக்கு அது எங்கே கிட்டும்? இளங்காலை வெயிலே சிறந்தது என்பர். ஆனால் சாய்ந்து விழும் வெயிலில் இதற்குரிய கதிர்கள் மிகக் குறைவு. முற்பகல் 10 மணிக்குமேல்தான் மிகுதி. கருத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரமும் வேண்டும். கடும் வெயில் தலைவலியைத் தூண்டக்கூடும் ஆதலால், தலையில் துண்டிட்டு, கை கால்களில் மட்டும் சிறிது நேரம் வெயில் படவிடுவதே முறை. மத்தி மீனிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் இச்சத்து ஓரளவு உண்டு. சத்துணவு முட்டையில் மஞ்சட்கருவை ஒதுக்கும் பிள்ளைகளைக் கவனித்தல் வேண்டும்.

மருத்துவரைக் கேளாமல் வைட்டமின் 'டி' மருந்து வாங்கிக் கொடுத்தல் கூடாது. அது மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும். வலி மாத்திரையை அடிக்கடி கொடுத்தால் அதனாலேயே தலைவலி நிலைத்துவிடும். காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், வலிப்பு, நடை தடுமாறல், விடியற்காலையில் தலைவலியுடன் வாந்தி ஆகியவை காணின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. இதில் பஞ்சாயத்து உறுப்பினர்க்கும் பங்குண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைத்தல் கூடாது. விழாக்களுக்கு அரசு விலக்களித்தாலும் நள்ளிரவு வரைதான். அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாது. ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் கொடுக்குமுன்பே விழாக் குழுவினருடன் இதைப் பேசி முடித்துவிடுவது நலம். பந்தலில் பாட்டுத் தொடங்கிய பின் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.