பல்கலைக்கழகம் கட்டுமுன் கணக்கைப் போடுவோம்

நம் வியாபாரிகள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் "நமக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும்" என்பதில் வந்து நிற்பதுண்டு. மாத்தளை, உக்குவளை, கலேவளைப் பக்கங்களில் இதனை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உயர்தரத்தில் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளி போதாமல் நிற்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஆகவே ஆசை நியாயமானதே. ஆனால் காணி பார்ப்பதற்கும் ரசீதுப் புத்தகம் அடிப்பதற்கும் முன்னர் ஒரு திட்ட அறிக்கை எழுதப்பட வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை வியாபாரி பாஷையிலேயே பார்ப்போம்.

முதலாவது, அனுமதி. இலங்கையில் யாரும் கட்டடம் கட்டலாம், வகுப்பு நடத்தலாம். ஆனால் பட்டம் கொடுக்க 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் வேண்டும். அச்சட்டத்தின் 25ஏ பிரிவின்படி, பட்டம் வழங்கும் நிறுவனமாக அங்கீகரிப்பவர் பொறுப்பான அமைச்சர். அந்த அங்கீகாரம் இல்லாத பட்டம், லைசன்ஸ் இல்லாத லொறி போன்றது. ஓடும், ஆனால் முதல் சோதனையில் நின்றுவிடும். 2017 இல் ஆரம்பமான மாணவர்களுக்கான வட்டியில்லாக் கடன் திட்டமும் அங்கீகாரம் பெற்ற பட்டநெறிகளுக்கே உரியது. வட்டியை விட்டு ஒதுங்கும் நம் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல.

புனாணையில் எழுந்த மட்டக்களப்பு கெம்பஸின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். பெரும் கட்டடங்கள் எழும்பின. பட்டம் வழங்கும் அங்கீகாரம் கைக்கு வரவில்லை. 2019 ஏப்ரல் தாக்குதலின் பின்னர் வெளிநாட்டுப் பணம், உரிமை, பாடத்திட்டம் எல்லாம் நாடாளுமன்றம் வரை கேள்விக்குள்ளாயின. 2020 இல் அது கொரோனா தனிமைப்படுத்தல் நிலையமானது. 2023 இல்தான் உரிமையாளரிடம் திரும்பியது. யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது இப்பத்தியின் வேலையல்ல. வியாபாரிக்கு இதிலுள்ள பாடம் ஒன்றுதான்: அனுமதி கடைசியில் வரட்டும் என்று முதலை முதலில் இறக்கினால், நல்ல நோக்கமும் வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும்.

இரண்டாவது, ஓட்டச் செலவு. கட்டடம் ஒருமுறைச் செலவு. விரிவுரையாளர் சம்பளம் மாதாமாதம் வரும். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். இவை விளக்கத்திற்காக நான் வைத்த தொகைகள். வருடம் 100 மாணவர், ஆளுக்கு ஆண்டுக் கட்டணம் 4 இலட்சம், மூன்று வருடப் படிப்பு, ஒவ்வொரு வகுப்பிலும் வருடம் 10 பேர் விலகுகிறார்கள் என்று வையுங்கள். வருமானம் முதலாம் வருடம் 4 கோடி, இரண்டாம் வருடம் 190 பேருடன் 7.6 கோடி, மூன்றாம் வருடம் 270 பேருடன் 10.8 கோடி. செலவு முறையே 7, 8.5, 10 கோடி என்றால், முதல் இரண்டு வருடத்தில் 3.9 கோடி பள்ளம். மூன்றாம் வருடம்தான் 80 இலட்சம் மிஞ்சுகிறது.

இப்போது 100 பேருக்குப் பதிலாக 60 பேர்தான் சேர்கிறார்கள், விலகுவோரும் அதே விகிதம் என்று வையுங்கள். செலவு பெரிதாகக் குறையாது, வகுப்பில் எத்தனை பேர் இருந்தாலும் விரிவுரையாளர் ஒருவர்தானே. மூன்று வருடத்தில் பள்ளம் 12 கோடியைத் தாண்டுகிறது. இந்த இரண்டாவது கணக்கு இல்லாத அறிக்கையை நம்பக் கூடாது.

மூன்றாவது, பள்ளத்தை நிரப்புவது யார்? கூட்டத்தில் கை தூக்கியவர்கள் இரண்டாம் வருடமும் தூக்குவார்களா? நம் முன்னோர் இதற்கு வக்ஃபு என்ற வழியைக் காட்டினர். கடை வாடகையோ தோட்ட வருமானமோ கல்விக்கென்று எழுதி வைக்கப்பட்டால், வசூலை நம்பி நிற்கத் தேவையில்லை. பேருவளையில் மாணிக்கக்கல் வியாபாரியான நளீம் ஹாஜியார் 1973 இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். ஒரு வியாபாரியின் செல்வம் நிலையான கல்வி நிறுவனமாக மாற முடியும் என்பதற்கு அது நம் கண்முன் உள்ள சாட்சி.

நான்காவது, எந்தப் பாடம்? கொழும்பில் உள்ளதையே இங்கும் கொடுத்தால் பிள்ளை கொழும்புக்கே போகும். நம் மாவட்டத்தில் மிளகு, சாதிக்காய், கொக்கோ விளைகின்றன. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இருக்கிறது. தம்புள்ளையில் மரக்கறிப் பொருளாதார மத்திய நிலையம் இருக்கிறது. வாசனைத் திரவியப் பதனிடல், உணவுத் தொழினுட்பம், களஞ்சிய முகாமை போன்றவைக்கு இங்கேதான் பயிற்சிக் களம் உண்டு. எல்லா இனப் பிள்ளைகளும் தேடி வருவார்கள், வர வேண்டும். 60 ஐ 100 ஆக்கும் வழியும் அதுதான்.

ஐந்தாவது, சிறிதாகத் தொடங்குவது. தென்கிழக்குப் பல்கலைக்கழகமே 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல்தான் பல்கலைக்கழகமானது. நாமும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்து, என்.வி.கியூ. டிப்ளோமாவுடன் வாடகைக் கட்டடத்தில் தொடங்கலாம். இரண்டு தொகுதி வெளியேறி வேலை பெற்றால், அடுத்த அறிக்கைக்கு அதுவே அத்தாட்சி.

சகோதரர்களே, இப்படியொரு திட்டத்துக்கு உங்களிடம் காசோலை கேட்டு வருவோரை வெறுங்கையுடன் அனுப்ப வேண்டாம். அனுமதி எந்தக் கட்டத்தில், 60 பேர் சேர்ந்தால் கணக்கு என்ன, பள்ளம் யார் பொறுப்பு, காணி யார் பெயரில், கணக்காய்வாளர் யார் என்று ஐந்தே கேள்வி கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். வராவிட்டால், எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பொதுப்பணம் அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்பதும் கொடுப்பதும் நன்மையான காரியமே.