ஆயில் ஊற்றினால் அணையும் விளக்கு

வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மழை விட்ட ஒரு மதியம் குடும்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, இரு பக்கமும் பிறை போல் வளைந்த கோடு. பிரேக் விளக்கு. வளைவில் திரும்பும்போது எரிந்தது, நேர்ச்சாலைக்கு வந்ததும் அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடியும்.

ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்காமல் இருந்தாலும் இதே விளக்குதான் எரியும். லீவரை அழுத்திப் பார்த்தேன், இறங்கித்தான் இருந்தது. அகலமான இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தி, பானெட்டைத் திறந்தேன். டிரைவர் பக்கம் பின்சுவரை ஒட்டியிருக்கும் சின்ன டப்பாவில் பிரேக் ஆயில் 'மினிமம்' கோட்டுக்குக் கீழே கிடந்தது. அந்த டப்பாவில் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் குறைந்து மிதவை இறங்கினால் சுவிட்ச் சேர்ந்து விளக்கு எரியும். அளவு விளிம்பில் இருக்கும்போது, வளைவில் ஆயில் ஒரு பக்கம் சாய, மிதவையும் இறங்கி ஏறும். விளக்கு விட்டு விட்டு எரிந்தது அதனால்தான்.

பெடலை மிதித்தால் கெட்டியாக நின்றது. அந்தத் தைரியத்தில் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து பொள்ளாச்சி வந்து சேர்ந்தேன். அது தவறு என்று அங்கே ஒரு மூத்த மெக்கானிக் நேராகவே சொன்னார். "பெடல் நல்லா இருக்குன்னு நம்பி இறங்கக் கூடாது தம்பி. வீட்டு ஆளுங்கள பஸ்ஸுல ஏத்திட்டு, வண்டிய அங்கேயே விட்டுட்டு ஒரு மெக்கானிக்குக்கு போன் பண்ணியிருக்கணும்."

அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. "இதுக்கு முன்னாடி யாராவது ஆயில் ஊத்தினாங்களா?"

ஊற்றியிருந்தார்கள். நான்கு மாதங்களுக்கு முன் இதே விளக்கு எரிந்தபோது, "ஆயில் கம்மியா இருந்துச்சு சார், ஊத்தியாச்சு" என்றார்கள் எங்கள் ஊர் பட்டறை ஒன்றில். விளக்கும் அணைந்தது. நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

"என்ஜின் ஆயில் மாதிரி இது எரிஞ்சு குறையாது தம்பி. குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ போயிருக்கு. எங்கன்னு பாக்காம ஊத்தினா எப்படி?"

பிரேக் ஆயில் போகக்கூடிய இடம் இரண்டே. பிரேக் பேட் தேயத் தேய, காலிபரில் உள்ள பிஸ்டன் வெளியே நகர்ந்துகொண்டே வரும். அது விட்ட இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும். இது ஒழுகல் அல்ல, பேட் மாற்றும் காலம் வந்துவிட்டது என்ற செய்தி. இந்த நிலையில் ஆயிலை மேல்கோடு வரை நிரப்பிவிட்டால் செய்தி மறைந்துபோகும். புதிய பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மிஞ்சிய ஆயில் டப்பாவிலிருந்து வழிந்து பெயின்ட்டை அரிக்கும். இரண்டாவது இடம், ஒழுகல். மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், காலிபர், பின் சக்கரத்து வீல் சிலிண்டர் என எதுவாகவும் இருக்கலாம்.

என் வண்டியில் இரண்டுமே இருந்தன. முன் பேட்டில் இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம். மூன்றுக்குக் கீழே போனாலே மாற்றிவிட வேண்டும். பின் இடது டிரம்மைக் கழற்றியதும் அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் தூக்க, உள்ளிருந்து ஆயில் கசிந்தது. பிரேக் ஷூ நனைந்து கறுத்திருந்தது. ஆயில் குடித்த லைனிங்கைக் கழுவிப் போடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரு பக்கமும் சிலிண்டர், ஷூ, முன்னால் பேட் எல்லாம் புதிதாகப் போட்டார்.

இத்தனைக்குப் பிறகும் பெடல் ஏன் கெட்டியாக இருந்தது? கசிவு துளித்துளியாக இருந்ததால் மட்டுமே. இன்றைய பெரும்பாலான சிறு கார்களில் பிரேக் குழாய்கள் இரண்டு தனிச் சுற்றுகள். முன் வலதும் பின் இடதும் ஒன்று, முன் இடதும் பின் வலதும் மற்றொன்று. ஒன்று காலியானாலும் இன்னொன்று வண்டியை நிறுத்தும். ஆனால் பெடல் ஆழமாகப் போகும், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். மலைச்சாலையில் அந்தத் தூரம் கிடைக்காது.

பிறகு ஏர் எடுத்தார்கள். பட்டறைப் பையன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, "மிதி… பிடி… விடு" என்று கீழேயிருந்து குரல். பாட்டிலில் விட்ட குழாயில் குமிழிகளோடு கடுங்காப்பி நிறத்தில் பழைய ஆயில் வந்தது. புது ஆயில் வெளிர் மஞ்சள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே வந்தால் அந்தச் சூடு எட்டாத சூடல்ல. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றச் சொல்வது இதற்காகத்தான். திறந்து வைத்த பழைய பாட்டிலையும் பயன்படுத்தாதீர்கள். அவசரத்துக்கென்று என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிக் கெடும்.

ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், ஹேண்ட் பிரேக் சுவிட்ச் சிக்கியிருக்கலாம், மிதவையோ ஒயரோ கெட்டிருக்கலாம். சிறு செலவுதான். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் விஷயம் வேறு. அவசரமாகப் பிரேக் போடும்போது பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக்கூடும். மெதுவாக ஓட்டி நேரே மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மிதவையின் ஒயரைப் பிடுங்கிவிட்டாலே பல கார்களில் ஆயில் குறைந்தாலும் விளக்கு எரியாது. அப்படிச் செய்து விற்கிறவர்களும் உண்டு. சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், ஹேண்ட் பிரேக்கை இறக்கி என்ஜினை ஸ்டார்ட் செய்தபின் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதில் கை வைத்திருக்கலாம். எரிந்து அணைந்தாலும், பானெட்டைத் திறந்து ஆயில் மட்டத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.