பறிபோன உரிமையும் நின்றுபோன அஞ்சலும்



நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் எங்கள் பள்ளியில் ஒரு சிறு திருட்டு நேர்ந்தது. அன்று மாலையே எல்லாப் பூட்டுகளையும் மாற்றும்படி ஆணையிட்டேன். தபால் பெட்டியின் பூட்டும் மாறிற்று. ஆனால் கடிதங்களை எடுத்துவரும் ஊழியருக்குப் புதிய சாவி கொடுக்கப்படவில்லை. மூன்று நாள் கடிதங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. அவற்றுள் ஓர் ஏழை மாணவனுடைய உதவித்தொகைக் கடிதமும் இருந்தது. பதில் அனுப்பவேண்டிய கடைசி நாளன்று அது என் கைக்கு வந்தது. அன்று பட்ட பதைப்பை நான் இன்னும் மறக்கவில்லை. பூட்டை மாற்றியது பிழையன்று. எந்தச் சாவி யாருக்கு வேண்டும் என்று எழுதி வைக்காததே என் பிழை.

கணினி வலைகளிலும் இத்தகைய இடர் நேர்வதுண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் வலையில் டொமைன் கன்ட்ரோலர் என்னும் கணினி உண்டு. யார் உள்ளே வரலாம் என்று சோதித்து அனுமதிப்பது அதுவே. அதற்குரிய பாதுகாப்பு விதிகள் ஒரு கொள்கைத் தொகுப்பாக வகுக்கப்பட்டிருக்கும். அவ்வலையில் எக்ஸ்சேஞ்ச் என்னும் மின்னஞ்சல் சேவையகத்தை நிறுவும்போது அத்தொகுப்பில் ஓர் உரிமை சேர்க்கப்படுகிறது. தணிக்கையையும் பாதுகாப்புப் பதிவேட்டையும் நிர்வகிக்கும் உரிமை என்பது அதன் பெயர். எக்ஸ்சேஞ்ச் சேவையகங்கள் அடங்கிய குழுவுக்கு அது வழங்கப்படுகிறது.

கொள்கைத் தொகுப்பு சீர்கெட்டால் அதைப் புதுப்பிக்க டிசிஜிபிஓஃபிக்ஸ் என்னும் கருவி உண்டு. விண்டோஸ் சர்வர் 2003 பதிப்பிலேயே அது இடம்பெற்றது. அது விதிகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்விடும். தொடக்க நிலை என்பது யாது? எக்ஸ்சேஞ்ச் வருவதற்கு முந்திய நிலை. ஆகவே பின்னர்ச் சேர்ந்த உரிமை அழிந்துபோகிறது. உரிமை இழந்த சேவையகம், டொமைன் கன்ட்ரோலர் தனக்கு உதவாது என்று ஒதுக்கிவிடுகிறது. அஞ்சல் நின்றுபோகிறது.

நோயை அறிவது எங்ஙனம்? சேவையகத்தின் நிகழ்வுப் பதிவேட்டில் 2080 என்னும் எண்ணுள்ள குறிப்பைப் பார்க்கவேண்டும். அதில் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலருக்கும் நேரே, இவ்வுரிமைக்குரிய பத்தியில் 1 இருத்தல் வேண்டும். 0 இருந்தால் உரிமை பறிபோயிற்று என்று கொள்க.

மருந்து எளியது. எக்ஸ்சேஞ்ச் அமைவு நிரலை 'ப்ரிப்பேர் டொமைன்' என்னும் கட்டளையுடன் மீண்டும் இயக்கவேண்டும். 2000, 2003 ஆகிய பழைய பதிப்புகளில் அக்கட்டளை 'டொமைன்ப்ரெப்' எனப்பட்டது. இழந்த உரிமையை அது திரும்ப எழுதிவிடும். புதிய விதி எல்லா டொமைன் கன்ட்ரோலர்களையும் சென்றடைந்தபின் அஞ்சல் சேவைகளை மறுபடி தொடங்கலாம்.

இளைஞர்களே, நாளை இத்தகைய பொறுப்பு உங்கள் கைக்கு வரலாம். பழைய விதியை அழிக்குமுன் அதற்கு ஒரு படி எடுத்து வையுங்கள். அதை நம்பி இயங்குவோர் எவரெவர் என்று கேளுங்கள். எங்கோ ஒரு பிள்ளை தன் கடிதத்திற்காகக் காத்திருக்கக்கூடும்.