ஆறெழுத்து, ஆறு வரி
தொடர்: சி மொழி பழகலாம் – 9

சென்ற வாரம் ஒரே ஒரு ஃபார் லூப்பை வைத்து, ஒரே வரியில் பத்து நட்சத்திரங்களை அச்சிட்டோம். இந்த வாரம் லூப்புக்குள் லூப்.

பெருமாள்மலையில் பழனி ரோடு பிரியும் இடத்துக்குச் சற்று மேலே எங்கள் வீடு. பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் முதலாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். லேப் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் நோட்டோடு வந்தாள். முதல் வரியில் ஏ, அடுத்ததில் ஏபி, அதற்கடுத்து ஏபிசி என்று ஐந்து வரி இறங்கும் எழுத்துக் கோலம். அதற்கான புரோகிராமை ஒரு புள்ளி பிசகாமல் ஒப்பித்தாள்.

“இதையே தலைகீழா, அஞ்சு எழுத்துல ஆரம்பிச்சு ஒண்ணுல முடியிற மாதிரி போடும்மா” என்றேன்.

“அது அடுத்த புரோகிராம் மாமா. இன்னும் மனப்பாடம் பண்ணல.”

மனசு கனத்துப்போனது. ஓரிடம் மட்டுமே மாறுகிற ஒரே புரோகிராமை, இரண்டாக நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறது இந்தப் பிள்ளை. நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணினி கசந்துபோவது இந்த இடத்தில்தான்.

நோட்டை மூடச் சொல்லி, ஜன்னல் வழியே எதிர்ச்சரிவைக் காட்டினேன். படிப்படியாக வெட்டிய தோட்டம். மேல்படி குறுகல், கீழே வர வர அகலம். பீன்ஸ் ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

“உங்கப்பா எப்படிம்மா விதை ஊன்றுவார்?”

“ஒரு படியில இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஊன்றிட்டு, அடுத்த படிக்கு இறங்குவார்.”

படிக்குப் படி மாறுவது அவுட்டர் லூப். ஒரு படிக்குள் குழி குழியாக நகர்வது இன்னர் லூப். படி முடிந்ததும் கீழே இறங்குகிறாரே, அதுதான் பிரிண்ட்எஃபில் போடும் பேக்ஸ்லாஷ் என். அதைத் தவறி இன்னர் லூப்புக்குள் வைத்துவிட்டால், ஒரு விதைக்கு ஒரு படி என்று இறங்கிக்கொண்டே போக வேண்டியதுதான். எழுத்தெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும்.

மிச்சமிருப்பது ஒரே கேள்வி: இந்தப் படியில் எத்தனை குழி? முதல் வரிக்கு ஒன்று, இரண்டாம் வரிக்கு இரண்டு என்றால், இன்னர் லூப் வரி எண் வரை ஓட வேண்டும். தலைகீழ்க் கோலத்தில், ஆறிலிருந்து வரி எண்ணைக் கழித்தால் வருகிற அளவு. அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

எழுத்து எப்படி மாறுகிறது? சி மொழியில் எழுத்தும் ஓர் எண்தான். பெரிய ஏ-க்கு ஆஸ்கி எண் 65, பி-க்கு 66. ஒன்று கூட்டினால் அடுத்த எழுத்து. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் இந்த மொழியை உருவாக்கியபோது, எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கு ஆங்கிலத்துக்குப் போதுமானதாக இருந்தது.

“தமிழ்ல வருமா மாமா?” என்றாள். நான் காத்திருந்த கேள்வி.

யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். அ என்பது 224, 174, 133. ஆ-வுக்குக் கடைசி எண் மட்டும் 134 ஆகிறது. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் ஊ வரை, அதாவது 138 வரை, சிக்கலில்லை. அடுத்த எ 139-இல் இல்லை, 142-இல் இருக்கிறது. இடையில் மூன்று இடங்கள் காலி. ஐ-க்கும் ஒ-வுக்கும் நடுவிலும் ஓர் இடம் காலி. ஆகவே, கூட்டிக் கூட்டி அடுத்த எழுத்தைப் பிடிக்கும் வித்தை தமிழில் பாதியில் நின்றுவிடும்.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டோம். பெருமாள்மலை ஆறெழுத்து. நீளத்தைப் பைட் கணக்கில் சொல்லும் ஸ்டிரலென்னைக் கேட்டால் 33 என்கிறது! கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனிக் குறியீடுகள் என்பதால் வந்த கணக்கு. பைட் பைட்டாக அச்சிட்டபோது முதலிரண்டு வரியில் உடைந்த குறிகள், மூன்றாம் வரியில் வெறும் ப, ஆறாம் வரியில்தான் பெ.

தீர்வு எளிது. ஒவ்வொரு தமிழெழுத்தையும் தனித்தனி ஸ்டிரிங்காக ஆறு இடமுள்ள ஓர் அரேயில் வைத்தோம். லூப்பில் கை வைக்கவேயில்லை. வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்து எடிட்டரில் திறந்தால்:

பெ
பெரு
பெருமா
பெருமாள்
பெருமாள்ம
பெருமாள்மலை

அந்தப் பிள்ளை கைதட்டினாள்.

இன்னொன்றும் அவளுக்குச் சொன்னேன். இந்தப் படிக்கட்டு விளையாட்டு தமிழுக்குப் புதிதல்ல. எழுகூற்றிருக்கை என்றொரு சித்திரகவி உண்டு. எண்ணுப்பெயர்கள் 1 2 1, பிறகு 1 2 3 2 1 என்று ஏறி இறங்கி ஏழு வரை போகும். கட்டம் போட்டு எழுதினால் தேர் போல நிற்கும். சம்பந்தர் சீர்காழிக்கும், திருமங்கையாழ்வார் குடந்தைக்கும், அருணகிரிநாதர் சுவாமிமலைக்கும் பாடியிருக்கிறார்கள். ஒரு வரிக்குள் இரண்டு இன்னர் லூப்: ஒன்று ஏறுவதற்கு, ஒன்று இறங்குவதற்கு. பொருளும் பக்தியும் குலையாமல் அதை மனசுக்குள்ளேயே ஓட்டியவர்கள் அவர்கள்.

1
121
12321
1234321

இதை ஏழு வரி வரை நீட்டுங்கள். மொத்தம் 49 எண்கள் வரும். தேராக நடுவில் நிற்க, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இடைவெளி விட மூன்றாவதாக ஓர் இன்னர் லூப் வேண்டும். முதல் வரிக்கு ஆறு இடைவெளி, இரண்டாவதற்கு ஐந்து. ஏழாம் வரிக்கு எத்தனை என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்; விடையோடு அடுத்த வாரம் வருகிறேன்.